பேரைக் கேட்டதும் துள்ளிய கோடு

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ அப்பா. பிரசங்கம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. கதவு அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் தானாக மூடிக்கொண்டது. பொலிஸ்காரனின் கதவு எந்த நாட்டிலும் அறைந்துதான் சாத்தப்படும் என்று அறுபத்தெட்டு வயது வரை நம்பியிருந்த அருளம்பலத்துக்கு இந்தச் சத்தமில்லாத கதவு பிடிக்கவில்லை. அறைந்து சாத்துகிறவனிடம் கோபம் இருக்கிறது, கோபம் இருக்கிறவனோடு மல்லுக்கு நிற்கலாம், இவர்களிடம் கோபம் இல்லை, படிவம்தான் இருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து நாற்பது நிமிடம் பனிக்குள் மகள் கார் ஓட்டி வந்தாள். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி ரப்பர் விரிப்பில் உருகிக்கொண்டிருக்க, அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எதிர்ச் சுவரில் ஏழெட்டு நிறத்தில் ஏழெட்டுப் பொலிஸ்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எங்களோடு வந்து சேருங்கள் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. சேரத்தானே வந்தாள். ஓடிக் காட்டினாள், எழுதிக் காட்டினாள், நேர்முகத்தில் மூன்று பேருக்கு முன்னால் சிரித்துப் பேசிக் காட்டினாள். கடைசியில் பொய்பிடிக்கும் இயந்திரத்தில் இருத்தினார்கள், இயந்திரம் அவளைப் பொய்காரி என்றது. முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்று கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கேட்டாள். இன்றைக்கு விசாரணை. முடிவு சார்பாக வந்தால் பழையது அழிந்துபோகும். வராவிட்டால் பொய்காரி என்ற சொல் அவளுடைய பதிவுக் கோவையில் தங்கிவிடும், அதற்குப் பிறகு எந்த நகரத்துப் பொலிசும் அவளைத் தொடாது. தொடாவிட்டால் நல்லதுதானே. அப்படித்தான் அவர் முதலில் சொன்னார். "என்ர வீட்டிலயோ பொலிஸ்?" என்று கோப்பையை மேசையில் அடித்து வைத்தார். "இஞ்சத்தப் பொலிஸ் வேற அப்பா" என்றாள் அவள். "எல்லா இடமும் ஒண்டுதான் பிள்ளை, காற்சட்டையின்ர நிறந்தான் வேற." "அப்ப போன மாசம் கார் பற்றரியைக் களவெடுத்துப் போட்டாங்கள் எண்டு ஆருக்குப் போன் அடிச்சனீங்கள்? தோழர்களுக்கோ?" குசினிக்குள் நின்ற தவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரித்து அவர் அதிகம் கண்டதில்லை, அதனால் அந்த வாக்குவாதத்தில் தோற்றுப்போனார்.

இயந்திரத்தைப் பற்றி அவள் வீட்டுக்கு வந்து சொன்னதை அவர் இந்த ஒரு மாதத்தில் எத்தனை தரம் மனதில் ஓட்டிப் பார்த்திருப்பார். மேற்கையில் ஒரு பட்டி, நெஞ்சைச் சுற்றி இரண்டு குழாய், விரல்களில் கிளிப்பு. கேள்வி கேட்கிறவன் மரியாதையானவனாம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டானாம். அவர்களுடைய மரியாதையைத்தான் நம்பக் கூடாது. முதலில் ஒன்றுமில்லாத கேள்விகள் கேட்பேன் என்றானாம், உண்மை சொல்லும்போது உன் உடம்பு எப்படி இருக்கும் என்று இயந்திரம் பழகிக்கொள்வதற்காக. உன் பெயர் சுகிர்தா அருளம்பலமா? ஆம். நீ பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறிலா? ஆம். இந்த அறையில் விளக்கு எரிகிறதா? ஆம். பெயரைக் கேட்டதும் திரையில் ஓடிய கோடு துள்ளியது. ஆண்டைக் கேட்டதும் துள்ளியது. விளக்குக்கு மட்டும் அசையவில்லை. பயப்படாதே என்று சொல்லித் திரும்பவும் கேட்டான், திரும்பவும் துள்ளியது. மூன்றாம் முறை அவன் அவளைப் பார்த்த பார்வை மாறிவிட்டதாம். அதற்குப் பிறகு களவெடுத்தாயா, கஞ்சா குடித்தாயா, அரசாங்கத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்தாயா என்று கேட்டதெல்லாம் சும்மா. சொந்தப் பேரைச் சொல்ல நடுங்குகிறவளிடம் வேறு எதைக் கேட்டு என்ன? இதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, என்ர பேரைச் சொல்லேக்க நான் ஏன் பயப்பிடுறன்?" என்று கேட்டாள். தவமலர் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். அருளம்பலம் அப்பளத்தை உடைத்தார். அப்பளம் உடைகிற சத்தம் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "எனக்குத் தெரியும் அப்பா, கொஞ்சம் தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" "கொஞ்சம்." அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதைப் பெருந்தன்மை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். பயம் என்று இப்போது, இந்தக் கதிரையில், தெரிகிறது. ஒரு பெண் வந்து காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். தண்ணீர்ப் போத்தலுக்குள் ஒரு பெரிய குமிழ் எழும்பி உடைந்தது.

சுகிர்தா அவருடைய மகள்தான். அவர் பெற்ற ஒரே மகள். தொண்ணூற்றொன்றில் அவர் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது அதற்கு ஒரு வயது, அவருடைய சட்டைப் பொத்தானை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் அதைக் காணவில்லை. மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு, அந்த அலுவலகத்துக்கும் இந்த அலுவலகத்துக்கும் அலைந்து, எல்லாம் சரி என்று கடிதம் வந்த மாதம் கொழும்பிலிருந்து தவமலர் ரெலிபோன் எடுத்தாள். இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன இடத்தில் காய்ச்சல், மருந்தில்லை, சுகி போய்விட்டாள். தன்னுடைய தங்கச்சி கனகமலரும் புருசனும் ஷெல்லில் போய்விட்டார்கள், அவர்களுடைய பிள்ளை வதனி மட்டும் தன்னோடு நிற்கிறது, சுகியை விட இரண்டு வயது சின்னன். "நான் என்ன செய்ய? நான் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரெலிபோனுக்காக வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்துவது கேட்டது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். "அதைக் கொண்டு வா. பேரைப் பழக்கு" என்றார். இரண்டு வசனம். வாழ்க்கையில் எத்தனையோ மேடையில் எத்தனை ஆயிரம் வசனம் பேசினார், ஒன்றும் நடக்கவில்லை, இந்த இரண்டு வசனமும் அப்படியே நடந்தன. கொழும்பு லொட்ஜில் நாற்பது நாள் தவமலர் பேரைப் பழக்கினாள். வதனி என்று கூப்பிடுவாள், பிள்ளை திரும்பினால் தொடையில் நுள்ளுவாள். சுகி என்று கூப்பிடுவாள், திரும்பாவிட்டாலும் நுள்ளுவாள். பெரியம்மா என்று வாய் தவறி அழைத்தாலும் நுள்ளு. விமானத்தால் இறங்கி வந்தபோது பிள்ளையின் இரண்டு தொடையிலும் நீலக் கண்டல். "உம்முடைய பேர் என்ன?" என்று அவர் குனிந்து கேட்டார். "சுகிர்தா அருளம்பலம்" என்று கடகடவென்று சொல்லிவிட்டு அது கையால் தொடையை மூடிக்கொண்டது. இயந்திரம் கண்டுபிடித்தது அந்த நுள்ளைத்தான். என்ன கெட்டித்தனமான இயந்திரம். இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்காததை, பள்ளிக்கூடமும் டொக்டரும் குடியுரிமை கொடுத்த நீதவானும் கண்டுபிடிக்காததை, ஒரு ரப்பர்க் குழாய் கண்டுபிடித்தது.

வழக்கறிஞர் சொன்ன வழி வேறு. ஒரு மனநல வைத்தியரிடம் கடிதம் வாங்கினார்கள். சிறுவயதில் போருக்குள் இருந்தவர், பழையதை நினைவூட்டும் எந்தக் கேள்விக்கும் உடம்பு தன்பாட்டில் அதிரும், ஆகவே இவருக்கு இந்தச் சோதனை செல்லாது. மூன்று பக்கம். அதைக் காட்டினால் போதும், தகப்பனையும் கேட்டால் ஷெல் விழுந்ததையும் ஓடியதையும் சொன்னால் போதும், மிச்சம் தான் பார்த்துக்கொள்வதாக வழக்கறிஞர் சொன்னார். ஷெல் விழுந்ததை அவர் எப்படிச் சொல்வது? விழுந்தபோது அவர் இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். காலையில் புறப்படும்போது தவமலர் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். "இஞ்சேருங்கோ, அவள் கடிதத்தை மட்டும் குடுக்கிறன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டாள். நீங்களும் வாய் திறவாதேங்கோ. திறந்தியள் எண்டால் பாஸ்போட்டைப் பறிப்பாங்கள், மூண்டு பேரையும் அனுப்புவாங்கள்." "தெரியும்." "அது மட்டுமில்லை." அவள் அவருடைய கண்ணைப் பார்க்காமல் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேப்பரிலயாவது அவள் உயிரோட இருக்கிறாள். முப்பது வயசாகியிட்டுது. அவளைத் திரும்பவும் சாக்காட்டப் போறியளோ?" ஒவ்வொரு மார்ச் பதினாலும் கேக் வெட்டும்போது தவமலர் யாருக்கு வெட்டினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லை. மெழுகுதிரியை ஊதுவாள், முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டுவாள், தன்னுடைய பிறந்தநாள் எது என்று தெரியாமல் அல்லது தெரிந்துகொண்டு.

வாய் திறக்காமல் இருப்பது அவருக்குப் புதிதா என்ன? அருளம்பலம் எட்டாம் வகுப்போடு சுருட்டுக் கொட்டிலுக்குப் போனவர். புகையிலை சுற்றுகிறவர்களுக்குக் கை ஓயாது, காது சும்மா இருக்கும், அதற்காக ஒருவன் நடுவில் இருந்து பேப்பரும் துண்டுப் பிரசுரமும் உரத்து வாசிப்பான், அவனுக்கும் கூலி உண்டு. ரஷ்யாவும் சீனாவும் எட்டு மணி வேலையும் அவருக்குக் காதால்தான் வந்தன. பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்த தோழர்கள் பிறகு பதவிக்குப் போனார்கள், காரில் போனார்கள், காதால் படித்தவன் மட்டும் படித்ததை நம்பினான். இருபத்திரண்டு வயதில் ஒரு பிரசுரத்துக்காகப் பிடித்தார்கள். யார் அச்சடித்தது என்ற ஒரு பேர்தான் அவர்களுக்குத் தேவை. பத்தொன்பது நாள். குதிக்காலில் அடித்தார்கள், இன்றைக்கும் குளிர் தொடங்கினால் அந்தக் குதி முதலில் அறிவிக்கும். அவர் பேர் சொல்லவில்லை. ஒரு வாக்குமூலத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. பின்னால் வந்த பொடியள் அவரைக் கிழட்டுச் சிவப்பு என்று சிரித்தபோதும், கட்சி இரண்டாகி நாலாகி ஒன்றுமில்லாமல் போனபோதும், கோப்பை கழுவியபோதும், இந்த ஒன்றுதான் மிஞ்சி நின்றது. பொலிசுக்கு அருளம்பலம் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலிருந்தது யாருக்காக? அச்சடித்தவனுக்காக. அவன் அடுத்த வருடமே அச்சகத்தை விற்றுவிட்டு லண்டன் போய்விட்டான், ஒரு கடிதம் போடவில்லை. இருக்கட்டும். இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற மனது எதை இருக்க விடுகிறது? சொல்லாமல் இருந்தால் பெருமை என்று அவ்வளவு காலம் வைத்திருந்தது, அதே வாயால் குடிவரவு அதிகாரிக்கு இவள்தான் என் மகள் என்று சொன்னபோது எங்கே போனது? அது சொல்லாமல் இருந்தது அல்ல, சொன்னது. பொய் சொன்னது. இல்லை, அதிகாரத்துக்குச் சொல்வது பொய்யில் சேராது, அப்படித்தானே கொட்டிலில் படித்தது. சேராது என்றால் இந்தப் பிள்ளையின் நெஞ்சு ஏன் துள்ளுகிறது? அவருடையது ஏன் துள்ளவில்லை? அவர் கோட்டுக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். சீராகத்தான் அடித்தது.

"ஐயா, அருளம்பலம் ஐயா?" கழுத்தில் அட்டை தொங்கிய நாற்பது வயதுக்காரன் ஒருவன் வந்து குனிந்தான். "நான் மொழிபெயர்ப்பாளர், கெங்காதரன். வாங்கோ, உங்களோட தனியக் கதைக்கினமாம்." தனிய. அந்தச் சொல்லிலேயே குதி வலித்தது. மகளை உள்ளே இருத்திய அறையைத் தாண்டி அடுத்த அறைக்குக் கூட்டிப் போனான். அங்கே நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் பொலிஸ் சார்ஜன் எழுந்து நின்று கை கொடுத்தாள். மேசை, கணினி, கண் துடைக்கத் திசுப் பெட்டி. அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அவருக்கு இங்கிலிஷ் பாதி பிடிபடும், மறு பாதிக்குக் கெங்காதரனைப் பார்த்தார். அவன் தொண்டையைச் செருமினான். "ஐயா, பயப்பிடாதேங்கோ. உங்கட மகள் எல்லாத்தையும் சொல்லிப்போட்டா எண்டு சொல்லினம். நீங்கள் ஓம் எண்டு சொன்னால் காணுமாம்." அருளம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரிப்பு வந்தது. நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் பதினோராம் நாள் இன்ஸ்பெக்டர் ஒரு பிளேன்ரீயை முன்னால் வைத்துவிட்டு இதே வசனத்தைத்தான் சொன்னான், உன்ர கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிப்போட்டான், நீ ஓம் எண்டால் காணும். கூட்டாளி அடுத்த அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான், ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. தேத்தண்ணீருக்குப் பதிலாகத் திசுப் பெட்டி. வேறு என்ன மாற்றம்? கடிதத்தை மட்டும் கொடுப்பதாகத் தாயிடம் சத்தியம் பண்ணியவள் அவள், அவருடைய வளர்ப்பு, சொல்ல மாட்டாள். "என்ன சொன்னவவாம்?" என்று கேட்கலாம். கேட்கக் கூடாது, கேட்டாலே சொல்ல ஒன்று இருக்கிறது என்று ஆகிவிடும். "அவ என்ர மகள்" என்றார். "நான் பெத்த மகள். பேர் சுகிர்தா. வேற என்னவும் சொல்லியிருந்தால் அது பயத்தில சொன்னது. பிழை." "ஐயா, வடிவா யோசிச்சு..." "தம்பி, நீர் மொழிபெயர்க்க வந்தனீர். மொழிபெயரும்." கெங்காதரன் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தான். சார்ஜன் தலையாட்டினாள். அவள் முகத்தில் ஏமாற்றமோ கோபமோ இல்லை. தட்டச்சு செய்தாள். ஒரு தாள் வந்தது. நிமிர்ந்து இருந்த அருளம்பலத்துக்கு அந்த நிமிடம் இருபத்திரண்டு வயது.

கெங்காதரன் தாளைக் கையிலெடுத்துத் தமிழில் வாசித்தான், கொட்டிலில் வாசிக்கிறவனைப் போல, எழுதியிருப்பதில் தனக்குச் சம்பந்தமில்லாத குரலில். "விண்ணப்பதாரி நான் பெற்ற மகள். இன்று காலை அவர் கொடுத்த வாக்குமூலம் உண்மையல்ல. அதாவது, தான் கனகமலரின் மகள் என்றும், தன்னுடைய பெயர் வதனி என்றும், சுகிர்தா என்ற பிள்ளை குளக்கட்டுக்குக் கீழே இரண்டு பனைக்கு நடுவில் புதைக்கப்பட்டதென்றும், பெரியம்மா தன்னைத் தூக்கி வைத்து அந்தக் குழியைக் காட்டினார் என்றும், அந்தப் பிள்ளையின் பச்சைச் சட்டையைத்தான் தனக்குப் போட்டார்கள் என்றும் அவர் சொன்னவை..." அதற்கு மேல் அருளம்பலத்தின் காதில் விழவில்லை. இரண்டு பனை. ரெலிபோனில் தவமலர் அதைச் சொன்னாள், அவருக்கு மட்டும் சொன்னாள். பச்சைச் சட்டை அவருக்கே தெரியாது. எந்த இன்ஸ்பெக்டரும் ஒரு பச்சைச் சட்டையைக் கற்பனை பண்ண மாட்டான். சொல்லிவிட்டாள். நாலரை வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவர்கள் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிப் படுத்த அத்தனை வருடமும் அவள் அதை வைத்திருந்திருக்கிறாள், கடிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டு அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். அவள் கேட்டது ஒரு ஓம். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஓமுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதும் சொல்லலாம். நான் சொன்னதுதான் பிழை என்று சொல்லலாம், தாளைக் கிழியுங்கோ என்று சொல்லலாம். தமிழில் நாலு சொல். பேனாவை சார்ஜன் அவருடைய பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். நாலு சொல்லும் நாக்கில் வந்து நின்றன. தவமலர் கோட்டுப் பொத்தானைப் பார்த்தது வந்து நின்றது. பாஸ்போட் வந்து நின்றது. அதற்கெல்லாம் முன்னால், வெட்கத்தோடு அவருக்கே தெரிந்தது, பொலிசுக்கு முன்னால் சொன்ன சொல்லை மாற்றுகிறவனா நான் என்ற ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றது. மாற்றியவர்களை அவர் மேடையில் பேர் சொல்லித் துப்பியிருக்கிறார். "ஐயா, வாசிச்சது விளங்கினதோ?" "விளங்கினது." "சரியோ?" கெங்காதரன் மெதுவாகத்தான் கேட்டான். இன்னொரு தரமும் கேட்பான் போலிருந்தது, கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்பது அவனுடைய வேலை இல்லை. அருளம்பலம் பேனாவை எடுத்தார். பொலிசுக்கு அவர் வைத்த முதல் கையெழுத்து தமிழில் இருந்தது, எழுத்து ஒன்றுகூட நடுங்கவில்லை. ஒரு பிரதியை மடித்து அவருடைய கையில் தந்தார்கள். முடிவு பத்து நாளில் கடிதமாக வரும் என்றார்கள்.

மகள் வாசலில் நின்றாள். அழுதிருந்தாள், முகம் கழுவியிருந்தாள், ஆனால் தோள் இரண்டும் இறங்கி, யாரோ ஒரு மூட்டையை வாங்கி வைத்தது போல நின்றாள். பனியில் அவருடைய முழங்கையைப் பிடித்துக் காரடிவரை கூட்டிப் போனாள். கதவைத் திறந்து அவரை இருத்திவிட்டுத் தானும் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, முன் கண்ணாடியில் விழுகிற பனியைப் பார்த்துக்கொண்டு, "நான் சொல்லிப்போட்டன் அப்பா. கடிதத்தை வெளியில எடுக்கவேயில்லை" என்றாள். "ம்." "கோவமோ?" "இல்லைப் பிள்ளை." "உங்களைக் கேட்டவையே?" "கேட்டவை." "நீங்கள்?" அவள் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பட்டி இல்லை, குழாய் இல்லை, கிளிப்பு இல்லை. "ஓம் எண்டு சொன்னன்" என்றார் அருளம்பலம். அவள் அவருடைய கையை எடுத்துத் தன்னுடைய கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது போதாமல் தாய்க்குப் போன் எடுத்தாள், மணி காருக்குள் பெரிதாக அடித்தது. "அம்மா, முடிஞ்சுது. நானும் சொல்லிப்போட்டன், அப்பாவும் சொல்லிப்போட்டார்." துண்டித்துவிட்டாளோ என்று மகள் திரையைப் பார்த்தாள், துண்டிக்கவில்லை. பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, "சுகி" என்று, "என்ர சுகி, என்ர சுகி" என்று, இருபத்து மூன்று வருடம் பிந்திய ஒப்பாரி காரின் நாலு மூலையிலிருந்தும் கேட்டது. ஒரு நாளுக்கு நூறு தரம் அந்தப் பேருக்கு என்னம்மா என்று கேட்கிறவள் இப்போது ஒன்றும் கேட்கவில்லை, தன்னைக் கூப்பிடவில்லை என்று அறிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தாய் அழுது முடியும்வரை காத்திருந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு தவமலர் மூக்கை உறிஞ்சினாள். "வதனி" என்றாள். "ரோட்டு வழுக்கும். அப்பாவை மெல்லமாக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை." மகள் சிரித்தாள், அழுதுகொண்டு சிரித்தாள், "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று காரை உயிர்ப்பித்தாள். "அப்பா, பெல்ற்றைப் போடுங்கோ" என்றாள். பிரதி கோட்டின் உள்பையில் நாலாக மடித்தபடி கிடந்தது. அருளம்பலம் பெல்ற்றை அதன் மேலால் இழுத்துப் பூட்டினார்.